உரிந்த கிளியர் கோட்டின் மேல் மீண்டும் கிளியர் அடிக்காதீர்கள்: பெயின்ட் பட்டறையினருக்கு ஒரு திறந்த மடல்

வாகனப் பெயின்ட் பட்டறைகளை நடத்துவோருக்கும், அங்கே ஸ்ப்ரே கன் பிடிக்கும் பெயின்டர்களுக்கும் வணக்கம்.

என் காரின் கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட், அதாவது நிறத்தின் மேல் அடிக்கப்படும் நிறமற்ற மேற்பூச்சு, உரியத் தொடங்கியபோது அதைச் சரிசெய்யக் கொடுத்தேன். வண்டி கைக்கு வந்த நாளில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே இடங்களில், முன்பைவிட அகலமாக, பாம்புச் சட்டை கழல்வதுபோல அது மறுபடியும் உரிந்து வந்தது. உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் நடந்தது விளங்கியது: புதிய கிளியரின் அடியில் பழைய கிளியரும் ஒட்டியபடியே வந்திருந்தது. திட்டு விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, சுற்றியிருந்ததை அப்படியே விட்டு, எல்லாவற்றின் மேலும் புதுக் கிளியரை அடித்திருக்கிறார்கள். அது எந்தப் பட்டறை என்று இங்கே எழுதப்போவதில்லை. பிறகு வேறு சில இடங்களில் விசாரித்தபோதும் அதே வழியையே முதலில் சொன்னார்கள் என்பதால், குறை ஒருவருடையது அல்ல என்று உணர்ந்தே உங்கள் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன்.

வண்டி வைத்திருப்போரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். 1980களில் பரவலான பூச்சு முறைப்படி, தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சும் பிரைமர் என்னும் அடிப்பூச்சும், அவற்றின் மேல் நிறம் தரும் பேஸ் கோட்டும், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட்டும் அமைகின்றன. ஆலையிலிருந்து வரும் வண்டியில் இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். அதில் கிளியரின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். இந்த மெல்லிய படலம்தான் வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கி நிற்கிறது. அதில் கலந்திருக்கும் புற ஊதா உறிஞ்சிகளும் ஒளி நிலைப்படுத்திகளும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துபோகின்றன. தேய்ந்த பின் கதிர்கள் கிளியரைக் கடந்து இறங்கி, கிளியரும் பேஸ் கோட்டும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் இடத்தையே சிதைக்கின்றன. முதலில் பளபளப்பு மங்குகிறது, பிறகு தேமல் போல வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன, நுண்ணிய வெடிப்புகளின் வழியே நீர் இறங்குகிறது, கடைசியில் படலம் செதில் செதிலாகக் கிளம்புகிறது. நேர் வெயில் வாங்கும் கூரையும் பானட்டும் டிக்கி மூடியும் கதவுகளுக்கு முன்பே கெடுவது இதனால்தான்.

நான் சொல்ல வந்த ஒன்று இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் திட்டின் ஓரம் சேதத்தின் எல்லை அல்ல. அந்த ஓரத்துக்கு அப்பால் பளபளப்பாகத் தெரியும் கிளியரும் அதே வெயிலில் அதே ஆண்டுகளைக் கழித்ததுதான். அதன் பிடிப்பும் தளர்ந்திருக்கும், கிளம்புவதற்குச் சில மாதங்கள் பாக்கி இருக்கும், அவ்வளவே. அதன் மேல் அடிக்கப்படும் புதிய கிளியரில் உள்ள கரைப்பான் அந்த ஓரத்தின் அடியில் புகுந்து அதை மேலும் நெகிழ்த்துகிறது. காய்ந்து இறுகும்போது புதிய படலம் பழையதை மேல்நோக்கி இழுக்கிறது. பொருக்கு உதிரும் சுவரைச் சுரண்டாமல் வெள்ளையடித்தால் புதுச் சுண்ணாம்பும் பழைய பொருக்கோடு சேர்ந்தே விழும் என்பது வீட்டுச் சுவர் பூசுபவருக்குத் தெரியும். வாகனப் பூச்சில் மட்டும் அந்த விதி மாறிவிடுமா?

ஒரு பாகத்தின் நடுவிலேயே புதுக் கிளியரை நிறுத்தி, அதன் ஓரத்தைத் தின்னர் தூவிக் கரைத்து மறைக்கும் பழக்கத்தையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும். கரைக்கப்பட்ட அந்த ஓரத்தில் படலம் மிக மெல்லியதாகிவிடுவதால், வெயில் முதலில் அங்கேதான் தன் வேலையைத் தொடங்குகிறது. கிளியரைப் பாகத்தின் விளிம்பு வரை முழுமையாக அடிப்பதற்கு ஈடான வழி இல்லை. பானட் என்றால் பானட் முழுவதும், கூரை என்றால் கூரை முழுவதும்.

சரியான வேலை எது என்பதில் உங்களில் தேர்ந்தவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தளர்ந்த கிளியர் முழுவதையும், உறுதியாகப் பிடித்திருக்கும் பூச்சு தட்டுப்படும் வரை, 320 அல்லது 400 எண் உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்த ஓரத்தை விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரித்து, பேஸ் கோட்டுக்கு முன் 600 எண் வரை நயமாக்க வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் அங்கே எபாக்சி பிரைமர் போட வேண்டும். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் சிலிக்கோனும் போகத் துடைக்க வேண்டும். பேஸ் கோட்டின் ஒவ்வொரு அடிப்புக்கும் இடையே கரைப்பான் ஆவியாகப் போதிய நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே கிளியரை மூடினால் உள்ளே சிக்கிய கரைப்பான் பின்னாளில் பிடிப்பைக் கெடுக்கும். கிளியரை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாமல், அந்தப் பொருளின் தொழில்நுட்பத் தாளில் உள்ள விகிதப்படி அளந்து கலக்க வேண்டும். இவற்றில் அதிக நேரத்தை விழுங்குவது தேய்ப்பு வேலைதான். முடிந்த வண்டியில் கண்ணுக்குத் தெரியாததும் அதுதான். அந்த உழைப்புக்கு உரிய கூலியை நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் குறைத்துக்கொண்டு மேற்பூச்சுக்கு மட்டும் காசு வாங்குவது இரு தரப்புக்கும் நட்டம்.

வண்டியை உங்களிடம் கொண்டுவருபவருக்குக் கேடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அவர் முன்னிலையிலேயே அந்த இடத்தில் சிறிது நீர் ஊற்றிக் காட்டுங்கள். நனைந்ததும் நிறம் முழுவதுமாகத் திரும்பினால், மேற்பரப்பு மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே கம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையும் பாலிஷும் பயன் தரும். நீருக்கு அடியிலும் வெளிறிய திட்டு தெரிந்தால், நகத்தால் வருடும்போது ஓரம் படியாகத் தட்டுப்பட்டால், பாலிஷ் அதைத் திருப்பித் தராது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பஃபிங் மெஷின் கிளியரைச் சேர்ப்பதில்லை, எடுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே மெலிந்துபோன படலத்தில் மேலும் சில மைக்ரானைக் குறைப்பதுடன், கிளம்பி நிற்கும் ஓரங்களைப் பிய்த்தும் விடும். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ பிரிந்த படலத்தை மீண்டும் ஒட்டவைக்காது. உரிந்த பரப்பின் மேல் வினைல் தாள் ஒட்டி மறைப்பதும் பயன் தராது: மேடு பள்ளம் வினைலின் மேலும் தெரியும், கழற்றும் நாளில் மிச்சக் கிளியரும் சேர்ந்து வந்துவிடும்.

முழு வேலைக்கு வசதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம், பிரைமர் சேதமில்லாமல் இருக்கும் வரை தகடு உடனே துருப்பிடித்துவிடாது, தகடு தெரியும் இடங்களை மட்டும் இப்போது மூடிக்கொள்ளலாம், கூடியவரை வண்டியை நிழலில் நிறுத்துங்கள், பணம் சேர்ந்ததும் அந்தப் பாகத்தை முழுமையாகச் செய்துகொள்ளலாம் என்று சொன்னால் அவர் நன்றியோடு கேட்பார். அவசரத்துக்கு ஸ்ப்ரே கேனில் அடித்துத் தருவதானால், ஹார்டனர் சேராத கேன் கிளியரைப் பெட்ரோல் சிந்தினாலே பாழாக்கிவிடும், அது நெடுநாள் நிற்காது என்பதையும் கூடவே சொல்லுங்கள். தற்காலிக வேலை செய்வதில் தவறே இல்லை. அதை நிரந்தரமானது என்று சொல்லிக் கொடுப்பதுதான் என்னைப் போன்றவர்களை வருத்துகிறது.

பட்டறை உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் நுரையீரலை ஒவ்வாமைக்கு உள்ளாக்கித் தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் மிகக் குறைந்த அளவும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். முகத்தில் கட்டும் துணியும் தூசி முகமூடியும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகக்கவசத்தை உங்கள் பெயின்டருக்குக் கொடுங்கள். அது இல்லாமல் என் வண்டிக்கு அவர் கிளியர் அடிப்பதை நான் விரும்பவில்லை.

நான் கேட்பது பெரிய உத்தரவாதம் எதுவும் அல்ல. கிளியர் உரிந்த வண்டிக்கு நீங்கள் எழுதும் பில்லில் “பெயின்ட் வேலை” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், பழைய கிளியர் எதுவரை தேய்த்து எடுக்கப்பட்டது, எந்தப் பாகம் விளிம்பு வரை முழுமையாக அடிக்கப்பட்டது, எந்தக் கிளியரும் ஹார்டனரும் என்ன விகிதத்தில் கலக்கப்பட்டன என்பதை மூன்று வரிகளில் எழுதுங்கள். தேய்த்து முடித்து, பேஸ் கோட் அடிப்பதற்கு முன், ஒருமுறை எங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வர முடியாதவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். என் காரின் கூரை இப்போதும் உரிந்தபடிதான் நிற்கிறது. இந்த மூன்று வரிகளை எழுதித் தரும் பட்டறைக்கு, முழுத் தேய்ப்புக்கான கூலியோடு அதை ஒப்படைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாகன உரிமையாளர்