தேதிக்கு முன் தகுதியை முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறமூல இயங்குதளங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை புதிய வசதிகளைத் தெளிவாக விளக்கியது. ஆனால் அவை பயனரைச் சென்றடையும் முன் நடக்கும் பீட்டா சோதனையை ஒரே வரியில் கடந்துவிட்டது. மென்பொருள் குழுக்கள் பலவும் தம் திட்டத்தில் இதற்கு அவ்வளவு இடமே தருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டு, நிரல் எழுதி முடித்தபின் மிஞ்சும் நாட்களைச் சோதனைக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. எந்தப் பிழை இருந்தால் வெளியீட்டை நிறுத்துவது என்பதை, பீட்டா தொடங்கும் முன்பே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போது எழுதி வைத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் கூடிப் பேசினால் எந்தப் பிழையும் சிறியதாகவே தெரியும். ஃபெடோரா என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழு இத்தகைய அளவுகோல்களை முன்னதாகவே வெளியிட்டு, அவற்றை வைத்தே வெளியிடலாமா கூடாதா என்று கூடி முடிவெடுக்கிறது. அதன் 18ஆம் பதிப்பு, புதிதாக எழுதப்பட்ட நிறுவல் நிரல் உரிய காலத்தில் தேறாததால், பலமுறை தள்ளிப்போய் 2013 ஜனவரியில்தான் வெளிவந்தது. அன்று கேலி செய்தவர்கள் உண்டு. எனினும் அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

அடுத்தது, எந்தக் கணினியில் சோதிப்பது என்பது. மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கிய போலிக் கணினியில்) மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது ஆபத்து. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு இயங்குதளத்தின் 17.10 பதிப்பு, சில மடிக்கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) அமைப்புகளைச் சேமிக்க முடியாதபடி செய்துவிட்டதால், டிசம்பரில் அதன் பதிவிறக்கமே நிறுத்திவைக்கப்பட்டது. காரணம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஓர் இயக்கி (வன்பொருளைக் கையாளும் நிரல்). உண்மையான வன்பொருளில் அன்றி அது வெளிப்பட்டிருக்காது. அதுபோலவே, புதிதாக நிறுவிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். பல ஆண்டுகள் பயன்படுத்திய கணினியை மேம்படுத்திப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. பழைய கெர்னல்கள் சேர்ந்து பூட் பகிர்வு (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள வட்டுப் பகுதி) நிரம்பிவிட, மேம்படுத்தல் பாதியில் நின்றுபோவது அப்படிப்பட்ட கணினியில்தான் தெரியவரும். நிறுவும்போது ஒரு விசைப்பலகை அமைப்பில் கொடுத்த வட்டுக் கடவுச்சொல்லை, மறுதொடக்கத்தில் வேறு அமைப்பு ஏற்க மறுப்பதும் ஆங்கில விசைப்பலகையில் மட்டும் சோதிப்பவரின் கண்ணில் படாது. ஆகவே சோதனையாளர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, யாரிடம் எந்த வன்பொருள், எந்த மொழி, எந்தப் பழைய பதிப்பு இருக்கிறது என்று கேட்டுப் பணியைப் பிரித்துக் கொடுப்பதே பயன் தரும்.

புதிய நிரல்கள் முதலில் வந்து சேரும் சோதனைக் கிளைக்கும், பொதுப் பயனருக்கான நிலையான பதிப்புக்கும் இடையே போதிய கால இடைவெளி வேண்டும் என்பதற்கு 2024 மார்ச் மாதம் நடந்ததே சான்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் திட்டமிட்டு நுழைக்கப்பட்டிருந்த பின்கதவை (பிறர் மறைவாக நுழையும் வழியை) ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் கண்டறிந்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் முறை) வழியான உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பின்கதவு கொண்ட எக்ஸ்இசட் பதிப்பு அப்போது டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்ததே தவிர, நிலையான பதிப்பை எட்டவில்லை. இதனால் உபுண்டு தன் 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அந்தப் பின்கதவை எந்தச் சோதனைத் திட்டமும் பிடிக்கவில்லை, தற்செயலே பிடித்தது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தற்செயல் நிகழ்வதற்கு நேரம் தந்தது அந்த இடைவெளி.

வரும் பிழை அறிக்கைகளைப் படித்து வகைப்படுத்தப் பொறுப்பானவர் யார் என்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். பதிலே கிடைக்காத சோதனையாளர் அடுத்த பீட்டாவுக்கு வருவதில்லை.

புதிய பதிப்புகளைப் பற்றி இனி எழுதும்போது, பீட்டா எப்போது தொடங்குகிறது, இறுதி உறைநிலை (அதன்பின் மாற்றங்கள் பெரிதும் நிறுத்தப்படும் கட்டம்) எந்த நாள் என்பதையும் தாங்கள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். உறைநிலைக்குப் பின் வரும் அறிக்கைகளில் மிகக் கடுமையானவை தவிர மற்றவை பெரும்பாலும் வெளியீட்டுக்குப் பிறகே கவனிக்கப்படுகின்றன.

இப்படிக்கு,
திறமூல மென்பொருள் சோதனையில் பங்கேற்கும் ஒரு வாசகர்