தட்டின் அடியில் ஒரு கோடு

எனக்காக நடந்தவர்கள், அழுதவர்கள், சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம் மச்சினிக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைட்டிஸ் பி என்கிற ஈரல் நோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி நோயின் பெயரைச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் கிருமி போகவில்லை. தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஈரலுக்கு வழி பிறந்துவிட்டது. மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுவது என் தொழில். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு 300 மரம் வெட்டி வருகிறவன், கண் விழித்தபடி பாயிலேயே கிடந்தேன். ஈரல் நோய்க்குச் சோர்வு இருக்கத்தான் செய்யும் என்றார்கள். உண்மைதான். ஆனால் மனச்சோர்வும் அந்தப் பேரிலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. என் சாப்பாட்டுத் தட்டின் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தேன், பிள்ளைகள் தவறி எடுத்துவிடக் கூடாதே என்று. மகள் மடியில் ஏற வந்தால் எழுந்து போய்விடுவேன்.

கிராமச் சுகாதார செவிலியர் அக்கா, நீங்கள் தடுப்பூசி விஷயமாகத்தான் வீட்டுக்கு வந்தீர்கள். வீட்டாருக்கு மூன்று ஊசி, எந்தெந்த மாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்றும் கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு புத்திமதி சொல்லவில்லை. உங்கள் போனிலேயே மனநல உதவி எண் 14416-ஐ அழைத்து என் கையில் கொடுத்தீர்கள். அந்தப் பக்கம் தமிழில் நிதானமாகப் பேசியவர் யாரென்று தெரியாது, அவருக்கும் நன்றி.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு டாக்டர் அவர்களுக்கு: என் ஈரல் ரிப்போர்ட்டை முழுக்கப் பார்த்த பிறகுதான் மருந்துச் சீட்டு எழுதினீர்கள். குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னதால்தான் பத்தாம் நாள் நான் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை.

அண்ணி, உங்களுக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இது ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவுகிற நோய், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்று செவிலியர் அக்கா சொன்னதை அடுக்களையில் நின்று கேட்டீர்கள். ஷேவிங் பிளேடு தனியாக இருக்கட்டும், கத்தி பட்ட காயத்தை மூடி வைக்கணும், அவ்வளவுதான் என்றார் அவர். அன்று மத்தியானமே அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியுமாக வந்து, கோடு போட்ட அந்தத் தட்டில் கொட்டி, எனக்கு எதிரே உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை.

என் வீட்டுக்காரியிடம் நேரில் சொல்லிவிட்டேன், இங்கே எழுதினால் கோபப்படுவாள்.

மக்கா, உன் மரத்தோடு என் மரத்தையும் நாலு மாதம் வெட்டி, கூலியில் ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்து தந்தவனே, இப்போது நான் மறுபடி வெட்டப் போகிறேன். ஆவணியில் உன் தங்கச்சி கல்யாணம். அந்தப் பத்து நாள் உன் மரம் என் பொறுப்பு, நீ தோட்டத்துப் பக்கமே வராதே.