மேல்நிலைத் தொட்டிப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது நகரின் மேற்குப் பகுதிக்கான ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டி முடிந்து நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. 'நமக்கு நாமே' திட்டப்படி மூன்றில் ஒரு பங்கு நமது பங்களிப்பு, மீதி அரசுப் பணம். வரவு செலவை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதில் அடித்தளச் செலவைப் பார்த்த பலரும், "மண்ணுக்குள்ளே இவ்வளவு பணத்தையா புதைத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் இடம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய புறம்போக்கு எல்லோருக்கும் வசதி, ஆனால் பள்ளம். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் என்பது குழாய்த் தண்ணீரின் கணக்கு. மேட்டில் கட்டினால் அந்த அளவுக்குத் தூணின் உயரம் மிச்சம். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்புற மேடு முடிவானது.

அங்கேயும் ஒரு சிக்கல். வருவாய்த் துறைப் புலப்படத்தில் வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு காட்டியிருந்தது. தரையில் சுவடே இல்லை. விசாரித்தபோது, "அது மாடு கட்டி இறைத்த கமலைக் கிணறு, தூர்த்து ரொம்ப வருஷமாச்சே" என்றார்கள் பெரியவர்கள். ஒரு பக்கம் தூர்த்த மண், மறுபக்கம் இறுகிய மண் என்றிருந்தால் அடித்தளம் ஒரே சீராக அமராது, தொட்டி சாயும். எனவே தென்மேற்காகத் தள்ளிக் குறித்தோம். வாஸ்து பார்ப்பவர்களுக்கும் திருப்தி!

அடுத்தது மண் பரிசோதனை. 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மண்ணில் ஊன்றிய குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். கரிசலில் சில அடிகளிலேயே குழாய் இறங்கியது. அடியிலிருந்த சுக்கான் பாறையை (வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) தொட்டதும் சத்தமே மாறிவிட்டது, சம்மட்டி துள்ளியது.

கரிசலைப் பற்றி நமக்குச் சொல்லவா வேண்டும்? மழையில் உப்பும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். தண்ணீர் மட்டுமே 100 டன், கான்கிரீட் எடை தனி. அதைக் கரிசலில் நிறுத்த முடியாது. கரிசல் முழுவதையும் அள்ளிவிட்டு, சுக்கான் மேல் எல்லாத் தூண்களுக்கும் சேர்த்து ஒரே வட்ட ராஃப்ட் (கான்கிரீட் பலகை அடித்தளம்) போட்டோம். செலவு ஏறியது இங்கேதான்.

குழி தோண்டி முடித்த சமயம் கோடை மழை கொட்டியது. தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்த பிறகும் அடியில் சேறு. அதன் மேலேயே ஜல்லி போட்டுவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். நகராட்சிப் பொறியாளர் சம்மதிக்கவில்லை, நாங்களும் விடவில்லை. மண்வெட்டியால் சேற்றை வழித்தெடுத்து, சுக்கான் வெள்ளையாகத் தெரிந்த பிறகே கான்கிரீட் இறங்கியது. குழியை மூடவும் அள்ளிப்போட்ட கரிசலைப் பயன்படுத்தாமல் கிராவல் வாங்கி, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினோம்.

தூண், தொட்டி வேலையில் சொல்லும்படி சிக்கல் எதுவும் இல்லை. சோதனைக்குத் தண்ணீரை ஒரேயடியாக ஏற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஒவ்வொரு தூணின் மட்டத்தையும் கருவி வைத்துப் பார்த்தோம். நிரம்பிய பின் கான்கிரீட் ஈரம் உறிஞ்ச ஏழு நாள், அப்புறம் கசிவு பார்க்க ஏழு நாள். வெளிச்சுவர் காய்ந்தே இருந்தது.

இனி ஒரு வேண்டுகோள். தொட்டியைச் சுற்றியுள்ள சிமெண்ட் சரிவை யாரும் உடைக்க வேண்டாம், அதையொட்டி மரமும் வைக்க வேண்டாம். நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. அதைத் திருப்பி வாழைக்கு விட ஒருவர் கேட்டிருக்கிறார். அடித்தளத்தின் ஓரம் ஈரம் நிற்கக்கூடாது என்பதால் குழு மறுத்துவிட்டது. சுற்றுவேலியின் கேட் மட்டும் பாக்கி. கையிருப்பிலிருந்து அடுத்த மாதம் போடப்படும்.

இப்படிக்கு,
நீர்த்தொட்டிப் பணிக் குழு