ஒரு மணி நேரத்துல வராது ஐயா, வலது கை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரிட்டயர் ஆனவங்க கத்துக்கக்கூடிய வாத்தியங்கள்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல டல்சிமர்ங்கற பேரப் பாத்ததும் காபி ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியல, ஏன்னா பாளையங்கோட்டையில அந்த வாத்தியத்த மடியில வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா பழகிட்டு இருக்கறவ நான், நம்ம ஊர் பேப்பர்ல அது வரும்னு நெனச்சதே இல்ல. ஆனா படிச்சு முடிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சு. போட்டிருந்த படம் சந்தூர் படம். அதக்கூட விட்டுரலாம், "ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டர் எழுத உக்காந்தேன்.

படத்த முதல்ல சொல்லிருதேன். டல்சிமர்ங்கற பேர்ல ரெண்டு வாத்தியம் இருக்கு. ஒண்ணு பெரிய பலகை மாதிரி, நெறைய கம்பி கட்டி, ரெண்டு சின்ன சுத்தியக் குச்சியால தட்டி வாசிக்கறது, காஷ்மீர்ல இருந்து வந்த நம்ம சந்தூர் அந்த இனம், சிவகுமார் சர்மா கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தாரே அது. நான் வாசிக்கறது மவுண்டன் டல்சிமர், அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப் பக்கத்து வாத்தியம். மூணு அடிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன நீளம், இடுப்பு ஒடுங்கின ஒரு ஒல்லிப் பெட்டி, சத்தம் வர்றதுக்கு இதய வடிவத்துல ஓட்ட போட்டிருப்பாங்க, மேல மூணு இல்லன்னா நாலு கம்பி, மடியில படுக்க வச்சு வலது கையால வருடணும். பேர் ஒண்ணா இருக்கே தவிர ஒண்ணுக்கொண்ணு நேரடி சொந்தம்கூட கிடையாது. ஜெர்மன்காரங்க கொண்டுவந்த ஷைட்ஹோல்ட்னு ஒரு வாத்தியத்துல இருந்து, 1800களோட தொடக்கத்துல அந்த மலை ஜனங்க இத உருவாக்கினாங்கன்னு சொல்வாங்க.

எனக்கு இது கெடைச்ச கதைய சொன்னாதான் மிச்சம் புரியும். மகன் வட கரோலினாவுல இருக்கான், பேத்தி பொறந்தப்ப ஆறு மாசம் போய் இருந்தேன். பக்கத்து வீட்டுல ஒரு அம்மா, எழுபத தாண்டினவங்க, சாயங்காலம் ஆனா வீட்டு முன்னால திண்ணை மாதிரி இருக்கற எடத்துல உக்காந்து இத வாசிப்பாங்க. தூரத்துல நீல நீலமா மலை தெரியும், எனக்கு அம்பாசமுத்திரத்துல எங்க அப்பா வீட்டு மச்சில நின்னு பொதிகையப் பாக்கற மாதிரியே இருக்கும். மொத நாள் தள்ளி நின்னு கேட்டேன், மூணாவது நாள் கிட்ட போய் உக்காந்துட்டேன். அவங்க பேசற இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, நான் பேசறது அவங்களுக்கு முக்காவாசி புரியாது. வாத்தியத்தத் தூக்கி என் மடியில வச்சுட்டாங்க.

ஒரு மணி நேரம்ங்கறது எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அதுல உண்மையும் இருக்கு. இந்த வாத்தியத்துல கித்தார்ல இருக்கற மாதிரி பன்னெண்டு சுரத்துக்கும் கட்டை, அதாவது வெரல வச்சு அழுத்தற ஃப்ரெட், வைக்கல, ஒரு ராகத்துக்கு வேண்டிய ஏழு சுரத்துக்குத்தான் கட்டை இருக்கும். என் பக்கத்துல இருக்கற கம்பியில மட்டும் வெரல வச்சு நகட்டிக்கிட்டே போனா போதும், மத்த கம்பி ரெண்டும் சுருதி மாதிரி கூடவே ஒலிக்கும். வெரலுக்குப் பதிலா நோட்டர்னு ஒரு சின்ன உருண்டைக் குச்சிய வச்சு தேய்ச்சுக்கிட்டே போறதும் உண்டு, அதுதான் பழைய முறை. சுருதி சேக்கறது, இங்கிலீஷ் சுரப் பேர்ல, டி, ஏ, டின்னு. நம்ம பாஷையில சொன்னா கீழ் ஸா, பா, மேல் ஸா. வெறும் கம்பிய வருடினாலே தம்புரா கேட்ட நிறைவு வந்துரும். அதனால தெரிஞ்ச சின்ன பாட்டு ஒண்ண இடது கை ஒரு மணி நேரத்துல கண்டுபுடிச்சுரும், நானும் கண்டுபுடிச்சேன், ஞாயிறு பள்ளியில படிச்ச பாட்டு ஒண்ணு மொத நாளே வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஆனா அந்த அம்மா கேட்டுட்டு சிரிச்ச முகத்தோட என் இடது கையப் புடிச்சு எடுத்து ஓரமா வச்சுட்டாங்க. வலது கைய மட்டும் புடிச்சாங்க. மூணு வாரம், ஐயா, மூணு வாரம் இடது கைய தொட விடல.

அந்த மூணு வாரம்தான் நான் கத்துக்கிட்டது. கையில கம்பிய வருடறதுக்கு பிக்னு ஒரு பிளாஸ்டிக் துண்டு குடுத்தாங்க, மெல்லிசு, வளைச்சா வளையும். பழைய காலத்துல வாத்து எறகோட தண்டத்தான் வச்சு வருடுவாங்களாம். கம்பிய வருடற எடம் வலது ஓரத்துல, அங்க பலகைய லேசா குடைஞ்சு பள்ளமா விட்டிருப்பாங்க, பிக் மரத்துல இடிக்காம இருக்கறதுக்கு. என் பக்கத்துல இருந்து வெளிய தள்ளறது ஒரு வருடல், வெளிய இருந்து என் பக்கம் இழுக்கறது இன்னொண்ணு. கேட்டா இவ்வளவுதான். ஆனா வெளிய தள்ளும்போது எல்லா கம்பியும் ஒண்ணு போல பேசும், திரும்பி வரும்போது என் கை தூரத்துக் கம்பிய விட்டுட்டு நடுவுல இருந்துதான் ஆரம்பிக்கும், இல்லன்னா பிக் ஆழமா எறங்கி கம்பியில மாட்டி டங்குனு நிக்கும். பயத்துல நான் பிக்க இறுக்கிப் புடிக்க, மணிக்கட்டு கட்டையாயிரும், அப்புறம் முழங்கையால வாசிக்க ஆரம்பிச்சுருவேன், தோள்பட்டை வலிக்கும்.

அவங்க கைய ஒதறிக் காட்டினாங்க, வெரல் நுனியில இருக்கற தண்ணிய ஒதறற மாதிரி. எனக்கு அந்த எடத்துலதான் வெளிச்சம் அடிச்சுச்சு, ஏன்னா நாப்பது வருஷமா வெள்ளன எந்திச்சு வாசல் தெளிக்கற கை இது. வாசல் தெளிக்கும்போது யாரும் முழங்கைய வீச மாட்டாங்க, மணிக்கட்டு தானா தொவளும், தண்ணி விசிறி மாதிரி பரவி விழும். அதே கைதான் டல்சிமருக்கு. பிக்கோட நுனி ஒரு நெல்லு அளவு வெளிய தெரிஞ்சா போதும், கம்பி மேல மேலாப்ல போகணும், உழக்கூடாது. இத ஒருத்தர் வாயால சொல்லிக் கேட்டிருந்தா எனக்கு ஏறியிருக்காது.

அடுத்தது நடை. அங்க எல்லாரும் மொதல்ல கத்துக்கற நடை ஒண்ணு இருக்கு, பம் டிட்டின்னு வாயால சொல்வாங்க, நீளமா ஒண்ணு, குட்டியா ரெண்டு. நம்ம சொல்லுல தாம் தக, தாம் தக. தாம்முக்கு வெளிய, தவுக்கு வெளிய, கவுக்கு உள்ள. மூணு மூணா போற பாட்டுக்கு தகிட தகிட, அதுல ஒரு தகிட வெளிய ஆரம்பிச்சா அடுத்த தகிட உள்ள ஆரம்பிக்கும், அது குழப்பும், அதுக்கு நான் பைய பைய போய் நாலு மாசம் ஆச்சு. எல்லாத்தையும்விட கஷ்டம் என்னன்னா, இடது கை சுரத்தத் தேடும்போது வலது கையும் கூடவே நின்னு யோசிக்கும். அது நிக்கக்கூடாது. சுரம் தப்பினா தப்பட்டும், கம்பியத் தொடாமலாவது கை காத்துல போயிட்டு வந்துட்டே இருக்கணும். தப்பான சுரத்த கேக்கறவங்க மன்னிச்சுருவாங்க, நின்னு போன கைய காது மன்னிக்காது. நான் போன்ல தாளம் தட்டற மெட்ரோனோம நிமிஷத்துக்கு அறுபதுல வச்சு தினமும் இருபது நிமிஷம் வெறும் கம்பியிலதான் இன்னைக்கும் ஆரம்பிக்கறேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும், இங்க யாராவது பாத்து சொல்லட்டும்னு வயலின் சொல்லிக் குடுக்கற ஒரு அம்மாகிட்ட தூக்கிட்டுப் போனேன். நல்லவங்க, பொறுமையா பாத்தாங்க, சரளி வரிசை வாசிங்கன்னாங்க. அது வராது! சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்துலதான் சொல்லிக் குடுப்பாங்க, அதுக்கு வேண்டிய சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் சேந்து வர்ற மாதிரி இதுல கட்டையே இல்ல. அவங்க முகம் வாடிப்போச்சு, அப்ப இது நம்ம சங்கீதத்துக்கு ஆகாதுன்னுட்டாங்க. நான் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டும் பென்சிலும் வச்சு கணக்கு போட்டுப் பாத்தேன். டி ஏ டின்னு சேத்தா திறந்த கம்பியில இருந்து வர்றது ஹரிகாம்போதி. ஆறாவது கட்டைக்குப் பக்கத்துல ஆறரைன்னு ஒரு அதிகக் கட்டை இப்ப நெறைய வாத்தியத்துல வைக்கறாங்க, ஆறுக்குப் பதிலா அதப் புடிச்சா சங்கராபரணம். என் பக்கத்துக் கம்பிய மட்டும் சி-க்கு எறக்கி ஒண்ணாவது கட்டைய ஸாவா வச்சுக்கிட்டா நடபைரவி, ஜி-க்கு எறக்கி நாலாவது கட்டையில இருந்து போனா கரகரப்பிரியா. மோகனம் ஒரு தடங்கலும் இல்லாம வருது, 0 (வெறும் கம்பி), 1, 2, 4, 5, 7, அவ்வளவுதான் கட்டை. புதுசா ஆரம்பிக்கறவங்க யாரும் மோகனத்துல ஆரம்பிங்கன்னு நான் சொல்லுவேன், எங்க வெரல் வச்சாலும் காதுக்கு உறுத்தாது, அப்ப மனசு பூரா வலது கையில இருக்கும். கமகம், அதான் சுரத்த அசைச்சு வளைக்கறது, வேணும்ங்கறவங்களுக்கு இது திருப்தி தராது, அத ஒத்துக்கறேன், நோட்டர் குச்சிய வச்சு இழுத்தா ஒரு ஜாரு மாதிரி வரும், அதோட சரி.

இன்னொண்ணும் சொல்லணும், இங்க இத வாங்கி வைக்கறவங்க யாராவது இருந்தா ஒதவும். ஃபிளைட்டுக்காக கம்பியெல்லாம் தளத்தி கொண்டுவந்தேன், மறுபடி சுருதி சேக்கும்போது மெல்லிய கம்பி அறுந்துருச்சு. ட்யூனர் ஆப் டின்னு காட்டுது, நான் அந்த டிய தாண்டினது தெரியாம அடுத்த டிக்கு முறுக்கிட்டு இருந்திருக்கேன். முறுக்கறதுக்கு முன்னால வாயால ஸா பாடிட்டு அதுக்குத்தான் கம்பியக் கொண்டுவரணும், இப்ப அப்படித்தான் செய்யறேன். டல்சிமர் கம்பி இங்க கெடைக்காது, ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில கித்தாரோட மொத கம்பி, தடிமன் பன்னெண்டுன்னு கேட்டு வாங்கினேன். அதோட முனையில ஒரு சின்ன பித்தளை உருண்டை இருக்கும், நம்ம வாத்தியத்துக்கு வளையம்தான் வேணும். கொறடால உருண்டைய நசுக்கி உதுத்துட்டா வளையம் அப்படியே நிக்குது. ரெண்டு வருஷமா அந்தக் கம்பிதான்.

வலது கைய பத்தி நான் இவ்வளவு சொல்றதுக்கு நம்ம ஊரும் காரணம். சின்ன வயசுல அம்பை பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும், நாங்க சர்ச்சுக்குப் போற வீடுன்னாலும் மச்சில பாய் விரிச்சு விடிய விடிய கேப்போம். குடத்து மேல வில்ல வச்சு, ஒரே ஒரு நாண், வீசுகோல்ங்கற குச்சி ரெண்டும் அதுல விழுந்து எழும்பிட்டே இருக்கும், கதை அழுதா கை பைய போகும், சாமி வரும்போது கை பறக்கும், ஒரு நிமிஷமும் நிக்காது. அந்த ஒத்த நாண்ல என்ன சுரம் இருக்கு? எல்லாம் கைதானே. அந்த மலைக்கார அம்மா ஜீன் ரிச்சியோட பழைய ரெக்கார்டு ஒண்ணு போட்டுக் காட்டினாங்க. கென்டக்கியில வைப்பர்னு ஒரு குக்கிராமத்துல 1922ல பொறந்தவங்க, பதினாலு பிள்ளைகள்ல கடைசிப் பிள்ளை, நியூயார்க்குக்குப் போய் இந்த வாத்தியத்த ஊரறிய வச்சவங்க, 2015ல காலமானாங்க. ஒரு குரல், கூட இந்த வருடல், வேற எதுவும் இல்ல. கேக்கும்போது எனக்கு எங்க மச்சியும் பாயும்தான் ஞாபகம் வந்துச்சு.

எங்க ஆலயத்துல ஒரு நாள் தானியேல் மூணாவது அதிகாரம் வாசிச்சாங்க. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரோட வாத்தியப் பட்டியல்ல, பழைய இங்கிலீஷ் வேதாகமத்துல டல்சிமர்னு இருக்கற எடத்துல நம்ம தமிழ் வேதாகமத்துல தம்புருன்னு இருக்கு. மொழிபெயர்த்தவங்க காரணம் என்னவோ, நான் மடியில வச்சு வெறும் கம்பிய வருடும்போது அந்த வார்த்த எனக்குச் சரியாத்தான் படுது.

ஐயா, நான் கேக்கறது இதுதான். அடுத்த ஞாயிறு சரியான படத்தப் போடுங்க. அந்த ஒரு மணி நேரம்ங்கற வரியத் திருத்துங்க. அத நம்பி ஒருத்தர் வாங்கி, ஒரு வாரத்துல கை வராம, வயசாயிருச்சு நமக்கு இது ஒத்துவராதுன்னு பரண்ல தூக்கி வச்சுருவாங்கன்னுதான் எனக்கு பயம். இடது கைக்கு ஒரு மணி நேரம், வலது கைக்கு ஆறு மாசம்னு போடுங்க, அது உண்மை, அத தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சா யாரும் பாதியில விட மாட்டாங்க.

வர்ற கொடைக்கு அம்பைக்குப் போறேன், மைனி வீட்டுல தங்கறேன். இந்தத் தடவ மச்சியில இருந்து கேக்க மாட்டேன், வில்லுக்காரருக்குப் பக்கத்துல எடம் புடிச்சு உக்காந்து அவரோட மணிக்கட்டப் பாக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.