உள்விதி என்று சொன்னால் போதாது, காரணத்தை எழுத்தில் தாருங்கள்

பெறுநர்: எங்கள் வங்கியின் கடன் அட்டைப் பிரிவுப் பொது மேலாளர் அவர்களும், தக்கலைப் பகுதிக் கிளையின் மேலாளர் அவர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கடன் அட்டை கேட்டு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் வங்கியின் உள்விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று சென்ற வாரம் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கடந்த ஏப்ரல் மாதம் விண்ணப்பித்தபோது வந்த அதே செய்தி, எழுத்துக்கூட மாறாமல் மீண்டும் வந்திருக்கிறது. எந்த விதி, அதில் எந்த இடத்தில் நான் பொருந்தாமல் போனேன், எதைச் சரிசெய்தால் பொருந்துவேன் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. கிளையில் கேட்டதற்கு, முடிவைத் தலைமையகத்துக் கணினி எடுக்கிறது, எங்களுக்கே காரணம் தெரியாது என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். அதனால்தான் தங்கள் இருவருக்கும் சேர்த்து, நாலு பேர் வாசிக்கும்படியாக இதை எழுத வேண்டியதாயிற்று.

அட்டை கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் உரிமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அட்டை வழங்கல் வழிகாட்டுதல்களில், கடன் அட்டை விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்குரிய குறிப்பான காரணத்தை விண்ணப்பித்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உள்விதி என்ற ஒற்றைச் சொல் குறிப்பான காரணம் ஆகாது. எழுதி அனுப்பினால் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று எங்களை எண்ணிவிட்டீர்களோ என்றும் தோன்றுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நின்றது கன்னியாகுமரி மாவட்டம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

எழுத்தில் வராத காரணத்தைக் கிளையில் ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: எனக்குக் கடன் வரலாறு இல்லையாம். வாங்கிய கடனை ஒருவர் எப்படிக் கட்டினார் என்பதை வைத்துப் போடப்படும் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்க வேண்டிய இடத்தில், என் அறிக்கையில் -1 என்று நிற்கிறது. கடன் வாங்கித் திருப்பாதவருக்குக்கூட முந்நூறுக்கு மேல் ஏதோ ஓர் எண் கிடைக்கிறது. யாரையும் ஏமாற்றாத எனக்குப் பூஜ்யத்துக்கும் கீழே இடம். பதிவு இல்லை என்பதற்கான குறியீடுதான் அது, குற்றம் அல்ல என்று விளக்கினார்கள். குற்றம் இல்லையென்றால் தண்டனை மட்டும் ஏன் என்று கேட்க நினைத்தேன்; கேட்டு அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

உண்மையில் எனக்குக் கடன் வரலாறு உண்டு. அது தங்கள் பேரேட்டிலேயே இருக்கிறது. தங்கள் கிளையில் எனக்கு 2009 முதல் சேமிப்புக் கணக்கு உள்ளது. என் தையற்கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை தங்கள் வங்கி கொடுத்தது. வாடிக்கையாளர்கள் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் அதன் வழியே தங்களிடம்தான் வருகிறது. நான் உறுப்பினராக உள்ள மகளிர் சுயஉதவிக்குழு தங்கள் கிளையிலேயே கடன் வாங்கி, தவணை தவறாமல் அடைத்து, மறுபடியும் வாங்கி அதையும் அடைத்திருக்கிறது. அந்தத் தவணைப் பணத்தைக் குழுவின் சார்பில் பல மாதங்கள் கவுண்டரில் கட்டியவளே நான்தான். குழு உறுப்பினர்களின் கடன் விவரங்களைத் தனித்தனியாகச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புமாறு ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் என் அறிக்கையில் அந்தக் கடனின் சுவடே இல்லை. அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பாமல் விட்டதற்கான விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

விலை என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பு சீருடைத் தையல் வேலை குவியும் என்பது தையற்கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதற்காக ஒரு பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் தேவைப்பட்டன. நாகர்கோவிலில் கடன் அட்டை இருப்பவர்களுக்கு வட்டியில்லாத் தவணையில் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். ஏப்ரலில் அட்டை மறுக்கப்பட்டதால், கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணயம் வைத்தேன். அந்த மே மாதத்திலேயே என் தங்கை மகளின் கல்யாணமும் வந்தது. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் பெண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கழுத்தைப் பார்த்துவிடுவார்கள். கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு போனேன். பந்தலில் வயதான சித்தி ஒருவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்துல கெடந்த செயினு எங்க மக்களே?" என்று நாலு பேர் கேட்கும்படிக் கேட்டார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் பேச்சு போயிற்று. என் கணவர் சாப்பிடாமலே எழுந்து வெளியே போனார். தையற்கடைக்கு மெஷின் வாங்கினேன் என்று ஒவ்வொருவரிடமும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சங்கிலியைத் திருப்பிவிட்டேன். சீருடைத் தையலில் வந்த லாபத்தில் ஒரு பங்கு வட்டியாகப் போயிற்று. அசலையும் வட்டியையும் நாள் தவறாமல் கட்டி மீட்ட அந்தக் கணக்கு அடகுக்கடைக்காரரின் பேரேட்டைத் தாண்டி எங்கும் போகாது. மாதாமாதம் நான் கட்டும் சீட்டுப் பணத்தின் கதையும் அதுவே. ஆகவே அடுத்த முறை விண்ணப்பித்தாலும் தங்கள் கணினிக்கு நான் முன்பின் தெரியாத ஆளாகவே இருப்பேன். அளவெடுக்காமலே உங்களுக்குச் சட்டை பொருந்தாது என்று துணியைத் திருப்பிக் கொடுக்கும் தையற்காரரிடம் தாங்கள் இன்னொரு முறை போவீர்களா?

நிரந்தர வைப்புத்தொகை போட்டால் அதன்மேல் அட்டை தருவோம் என்று கிளையில் சொன்னார்கள். கையில் உபரியாகப் பணம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழியாகவே இருக்கலாம். என்னிடம் அந்தப் பணம் இருந்திருந்தால் மெஷினையே வாங்கியிருப்பேன். சிறுதொழில்களுக்காக 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் 'சிசு' என்ற பெயரில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை கடன் உண்டே என்றும் நினைவூட்டினார்கள். அதற்காக நான் அலைந்ததைப் பற்றி எழுதப் புகுந்தால் தனியாக இன்னொரு மடல் வேண்டும். சீருடைக் காலம் எனக்காகக் காத்திருக்கவில்லை என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1938ஆம் ஆண்டு, இந்த வட்டாரம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பணம் கொடுக்க முடியாமல் கதவடைத்தது. அப்படியொரு முன்கதை உள்ள மண்ணில் பிறந்த நாங்கள், பணம் போட வரும்போது தங்கள் வங்கியின் முன்வரலாறு என்ன, மதிப்பெண் எத்தனை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நம்பிப் போட்டோம். நம்பிக்கை ஒரு பக்கமிருந்து மட்டுமே வர வேண்டும் என்று எந்த உள்விதியில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. இதற்கிடையில், "வாழ்த்துகள், உங்களுக்குக் கடன் அட்டை காத்திருக்கிறது" என்று தங்கள் வங்கியின் பெயரிலேயே எனக்கு அழைப்புகளும் வந்தவண்ணம் உள்ளன. காத்திருக்கும் அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று தாங்களாவது சொன்னால் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்வேன்.

கோபத்தில் எழுதியது இதில் எங்காவது வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் நாளிட்ட வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருப்பதை, அதே ஆண்டு ஆகஸ்டில் நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அட்டை என்பது கடன் அல்ல என்று தாங்கள் வாதிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பெரிய தொகைக்கு வரம்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு தையல் மெஷினின் விலை அளவுக்கு வரம்பு கொடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் நான் எப்படிக் கட்டுகிறேன் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.

தங்களிடம் பணிவுடன் கேட்பது இவைதான். என் விண்ணப்பத்தைச் சிபில் எண்ணோடு நிறுத்தாமல், தங்கள் கிளையிலேயே உள்ள என் சேமிப்புக் கணக்கையும் குழுக் கடனையும் பார்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். விடுபட்ட குழுக் கடன் விவரத்தை என் பெயரில் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் மறுப்பதுதான் முடிவென்றால், அதற்கான குறிப்பான காரணத்தைத் தமிழில், எழுத்தில், அதிகாரி ஒருவரின் கையொப்பத்தோடு அனுப்பிவைக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் முறையிடலாம் என்பதை அறிவேன். இந்த மடலின் நகல் ஒன்றை இன்றே கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கிளையின் வாடிக்கையாளர், தையற்கடை உரிமையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்