வாபெல்லோவின் மக்கள் தாமாகப் போகவில்லை: பூங்காப் பலகையை எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பழங்குடித் தலைவர் வாபெல்லோவைப் பற்றி உங்கள் பூங்காவில் நிற்கும் தகவல் பலகை குறித்து நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆங்கிலப் படி உங்களுக்கு அஞ்சலில் வரும். தமிழில் எழுதக் காரணம், இந்தக் குறை என் கண்ணில் பட்டதே தமிழால்தான்.

சென்ற கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிவந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பலகையை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மெஸ்குவாக்கி மக்களின் தலைவர், 1842இல் இறந்தார், அயோவா மாநிலத்தில் ஒரு கவுண்டிக்கும் (மாவட்டம் போன்றது) ஓர் ஊருக்கும் அவர் பெயர். கடைசி வரி, அவருடைய மக்கள் பிறகு மேற்கே "மூவ்" ஆனார்கள் என்றது. "நகர்ந்து போயிட்டாங்கம்மா" என்றேன். அம்மா உடனே கேட்டார்: "அவங்களா நகர்ந்தாங்களா, நகர்த்திவிட்டாங்களா?"

நான் வாயடைத்து நின்றேன். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்தும். தமிழில் தன்வினை வேறு, பிறவினை வேறு. நகர்ந்தவர் யார், நகர்த்தியவர் யார் என்று தெரியாமல் அந்த வரியைத் தமிழில் சொல்லவே முடியாது. நகர்த்தியவர் யார் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். பலகையில் மட்டும் இல்லை.

1842 அக்டோபர் 11 அன்று, இன்று ஏஜென்சி என்று அழைக்கப்படும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாக் என்ற இன்னொரு பழங்குடி மக்களும் மெஸ்குவாக்கி மக்களும் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தங்களிடம் மிச்சமிருந்த நிலம் அத்தனையையும் எழுதிக்கொடுத்தார்கள். கிழக்குப் பகுதியை 1843 மே 1க்குள் காலி செய்ய வேண்டும், மீதியை மூன்று ஆண்டுக்குள். ஈடாக 800,000 டாலருக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி. அவர்கள் தர வேண்டியதாக வணிகர்கள் கணக்குக் காட்டிய கடன் 258,566 டாலரை அரசு அடைக்கும். கெடு வைத்து வெளியேற்றப்பட்டவர்களை "நகர்ந்தார்கள்" என்று எழுத எப்படி மனம் வந்தது?

அந்த உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாபெல்லோ இறந்தது அதே ஆண்டு மார்ச் 15 அன்று, வேட்டைக்குப் போன இடத்தில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த தம் நண்பர், பழங்குடியினர் விவகாரங்களைக் கவனித்த அரசு முகவர் ஜோசஃப் ஸ்ட்ரீட்டின் அருகிலேயே தம்மையும் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள். ஏழு மாதத்தில் நிலம் கைவிட்டுப் போகிறது. தலைவரின் கல்லறையை யார் பார்ப்பார்கள்? அந்த மக்கள் அதற்கும் வழி செய்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். இரு கல்லறைகளையும் முகவர் வீட்டையும் உள்ளடக்கிய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஸ்ட்ரீட்டின் மனைவிக்குச் சேர வேண்டும் என்று எழுதவைத்தார்கள். அந்த வீடு அரசுப் பணத்தில் கட்டியது என்பதால் அதற்கு விலையாக 1,000 டாலர் தாங்களே தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். ஊரையே இழக்கிறவர்கள், தங்கள் பெரியவர் படுத்திருக்கும் மண்ணுக்குக் காவல் வைத்து, அதற்குக் காசும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விருப்பப்பட்டு ஊர் மாறுகிறவர்கள் செய்கிற காரியமா இது? உங்கள் பலகையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பெயர் சூட்டிய தேதியையும் பாருங்கள். வாபெல்லோ கவுண்டி உருவானது 1843 பிப்ரவரி 17. அவருடைய மக்கள் வெளியேற இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. ஆட்கள் அங்கேயே இருக்கும்போதே பெயரை எடுத்துக்கொண்டாயிற்று. அந்தப் பெயர்களும் எல்லாம் நிலைக்கவில்லை. கிஷ்கிகாஷ் என்ற தலைவரின் பெயரிலிருந்த பக்கத்துக் கவுண்டி 1846இல் ஜனாதிபதி மன்ரோவின் பெயருக்கு மாறியது. மெஸ்குவாக்கி என்றால் செம்மண் மக்கள். பிரெஞ்சுக்காரர்கள் நரி என்று அழைத்தார்கள், அது ஆங்கிலத்தில் ஃபாக்ஸ் ஆகி அரசு ஏடுகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மக்களை அவர்கள் சொல்லும் பெயரால் அழைக்க இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறியது. அந்த வினைச்சொல்லை மாற்றுங்கள். "நகர்ந்தார்கள்" வேண்டாம், "அமெரிக்க அரசால் வெளியேற்றப்பட்டார்கள்" என்று எழுதுங்கள். அதோடு அவர்கள் திரும்பி வந்ததையும் எழுதுங்கள். 1857இல் அயோவாவின் டேமா கவுண்டியில் 80 ஏக்கரைத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். இன்று அது 8,000 ஏக்கருக்கு மேல். அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலம் அல்ல, விலை கொடுத்து மீட்ட மண். அங்கே அவர்களுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. வாசகத்தை அச்சுக்கு அனுப்புமுன் தயவுசெய்து அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். வாபெல்லோவைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல உரிமையுள்ளவர்கள் அவர்கள்தான், நானும் இல்லை, நீங்களும் இல்லை.

புதுப் பலகைக்குச் செலவாகும் என்றால் சொல்லுங்கள், என்னால் முடிந்ததைத் தருகிறேன். அம்மா அடுத்த கோடையில் மறுபடி வருகிறார். அன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் அந்தப் பலகையின் முன் பதில் சொல்லவில்லை.

பணிவன்புடன்,
அயோவாவில் வாழும் ஒரு தமிழன்