விலைப்பட்டியலில் 99, 95, ‘ஆர்டர்’: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருநெல்வேலி ஜங்ஷன்

அன்புள்ள கடைக்காரர்களுக்கும் மெக்கானிக் அண்ணாச்சிமார்களுக்கும்,

வணக்கம். இந்த மாத விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 99, 95, ‘ஆர்டர்’ என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். விலைக்கோ வரிக்கோ அதில் சம்பந்தம் கிடையாது. நீங்கள் கேட்கும் நேரத்தில் அந்தப் பொருள் எங்கள் கடையில் இருக்கும் என்பதற்கு நாங்கள் தரும் உறுதி நூற்றுக்கு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பெரிய கம்பெனிகளில் இதைச் சர்வீஸ் லெவல் என்பார்கள். நம் பம்ப் மோட்டார் உதிரிபாக வியாபாரத்துக்கும் இது வேண்டும் என்று நினைக்கிறோம், அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

எல்லாப் பொருளுக்கும் நூறு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தேவை ஏறி இறங்குவதைச் சமாளிக்க, வழக்கமான விற்பனைக்கு மேல் கொஞ்சம் உபரிச் சரக்கு வைத்திருப்போம். அடுத்த லோடு வரும்வரை சரக்கு தீராமல் இருக்கும் வாய்ப்பை 95 சதவீதத்திலிருந்து 99-க்கு உயர்த்த, உபரிச் சரக்கை ஏறக்குறைய 40 சதவீதம் கூட்ட வேண்டும். 99-லிருந்து 99.9-க்குப் போக, அதற்கு மேல் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. முழு நூறுக்கு எவ்வளவு அடுக்கி வைத்தாலும் போதாது. முடங்குகிற பணத்துக்கு வட்டி உண்டு, அந்த வட்டி கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். ஆகவே எதற்கு 99, எதற்கு 95 என்று பிரித்தாக வேண்டும்.

விலை கூடிய பொருளுக்குத்தான் 99 என்று நினைத்துவிட வேண்டாம். எது இல்லாவிட்டால் வயலில் தண்ணீர் நிற்குமோ அதற்கு 99. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்ப உதவுவது அது. கெட்டுவிட்டால் மூடி உப்பிப்போய், ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். கவனிக்காமல் விட்டால் வைண்டிங்கும் சேர்ந்து கருகும். மோட்டார் விலையோடு பார்த்தால் கெப்பாசிட்டரின் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் அது இல்லாமல் மோட்டார் வெறும் இரும்பு. 6203, 6204, 6205 அளவு பேரிங்குகள், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், ஸ்டார்ட்டரில் போடும் ரிலே எல்லாம் இதே வகை. ஓவர்ஹெட் டேங்க் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாதிரி ஒரு நாள் பொறுக்கக்கூடியவற்றுக்கு 95. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர்களில், உற்பத்தி நின்றுபோன பழைய மாடல்கள் ‘ஆர்டர்’ வரிசையில் வரும். கேட்டால் வரவழைத்துத் தருவோம், வாங்கி அடுக்கி வைக்க மாட்டோம்.

95 என்பது கேட்க நல்ல எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு சீட்டில் பத்துப் பொருள் எழுதி அனுப்புகிறீர்கள், பத்துக்கும் 95 என்று வையுங்கள். பத்தும் ஒரே சமயத்தில் இருக்க வாய்ப்பு 60 சதவீதம்தான். பத்துக்கும் 99 என்றால் 90 சதவீதம். அம்பாசமுத்திரத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர் பத்தில் ஒன்றில்லாமல் திரும்பினால் அவருக்கு அது அரைநாள் நஷ்டம். அதனால்தான் ஒரே வேலைக்கு ஒன்றாகக் கேட்கப்படும் பொருள்களைச் சேர்த்து ஒரே வகுப்பில் வைத்திருக்கிறோம். பேரிங்கை 99-இலும் அதோடு மாற்றும் ஆயில் சீலை 95-இலும் வைத்தால் பேரிங் இருந்தும் பயனில்லை.

கணக்கு எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த லோடு வருமுன் நூறு சீல் கேட்டீர்கள், 98 கொடுத்தோம் என்று வையுங்கள். ‘இந்தத் தடவை சரக்கு தீர்ந்துபோனது’ என்று ஒரு கணக்கு எழுதலாம், ‘98 சதவீதம் கொடுத்தோம்’ என்று இன்னொன்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. பட்டியலில் இருப்பது இரண்டாவது, அதாவது கேட்ட எண்ணிக்கையில் எவ்வளவு கையோடு கொடுத்தோம் என்பது. டெலிவரி நாளுக்கும் சராசரி சொல்லப்போவதில்லை. சராசரி ஒரு நாள் என்றால் சிலருக்கு அன்றே, சிலருக்கு நாலு நாள் என்றும் இருக்கலாம். ‘நூறு சீட்டில் 95, மறுநாள் மாலைக்குள் உங்கள் ஊரில்’ என்று எழுதினால் அதை நீங்களே சரிபார்க்கலாம்.

நம் சரக்கில் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து லாரி பார்சலில் வருகிறது. வருவதற்கு எத்தனை நாள் என்பதைவிட, சொன்ன நாளில் வருமா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். எட்டு நாள் ஆனாலும் தவறாமல் எட்டாம் நாள் வருகிற சரக்கைச் சமாளிப்பது சுலபம். ஒரு தடவை மூன்று நாள், ஒரு தடவை பன்னிரண்டு நாள் என்று வருவதற்குத்தான் கிட்டங்கியில் (குடோனில்) அதிக இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது, பல இடங்களில் ரோடு அறுந்தது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் தேவை ஒரு பக்கம், வரத்து ஒரு பக்கம், இரண்டும் தனித்தனி என்ற நம்பிக்கையில் போடுபவை. வெள்ளத்தில் அது உடைகிறது. தண்ணீரில் மூழ்கிய மோட்டாருக்கெல்லாம் ஒரே வாரத்தில் பேரிங்கும் சீலும் வைண்டிங் கம்பியும் வேண்டியிருக்கிறது, அதே வாரத்தில் லாரியும் வர முடியாது. இரண்டு பார்சல் சர்வீஸ் வைத்திருப்பதும் இதற்கு உதவாது, இரண்டும் ஒரே ரோட்டில்தான் வரவேண்டும். எனவே ஐப்பசி பிறக்குமுன் 99 வகுப்புப் பொருள்களுக்குத் தனியாக ஒரு மழைக்கால இருப்பைக் கிட்டங்கியின் மேல்தளத்தில் ஏற்றி வைப்போம். அதை மற்ற நாள் விற்பனைக்குத் தொட மாட்டோம்.

நீங்கள் ஆர்டர் அனுப்பும் ஆப்புக்கும் இதே விதி. அது 99.9 சதவீத நேரம் ஓடும் என்று எழுதியிருக்கிறோம். 30 நாள் மாதத்தில் 99 என்றால் 7 மணி 12 நிமிடம் நின்றுபோகலாம், 99.9 என்றால் 43 நிமிடம்தான். கூகுள் பொறியாளர்கள் இந்த மாதிரி மீதி நேரத்தை எரர் பட்ஜெட் என்று கணக்கில் வைத்து, அதற்குள் மாற்றங்களைச் செய்துகொள்ளும் வழக்கத்தைப் பரப்பினார்கள். நாங்களும் ஞாயிறு பிற்பகலில், அந்த 43 நிமிடத்துக்குள் அடங்கும்படி, ஆப்பைப் புதுப்பித்துக்கொள்கிறோம்.

ஆப் ஓட சர்வர் மட்டும் போதாது. கரண்ட், இன்டர்நெட் லைன், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை எல்லாம் சங்கிலியாக நிற்கின்றன. நாலும் தனித்தனியே 99 என்றால் மொத்தம் 96, அதாவது மாதத்தில் ஒரு நாளுக்கும் மேல் ஆப் கிடையாது! இன்டர்நெட்டுக்கு இரண்டு லைன் வைத்தால் ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும், ஆனால் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் மரம் விழுந்ததும் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் ஒன்றைக் கேபிளாகவும் மற்றதை மொபைல் சிம்மாகவும் வைத்திருக்கிறோம், கரண்டுக்கு இன்வெர்ட்டர். எல்லாமே போனாலும் கடை போன் இருக்கிறது, சீட்டுப் புத்தகமும் இருக்கிறது. எங்களைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 20 பேரிங் வேண்டும், கிடைக்காமல் போய்விடுமோ என்று 60 எழுதாதீர்கள். அதை நம்பி நாங்கள் கம்பெனிக்கு 200 எழுதுவோம், அங்கே இன்னும் கூட்டிப் போடுவார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் இதைக் கண்டார்கள். குழந்தைகள் உபயோகிப்பது ஒரே சீராகத்தான் இருந்தது, மேலே போகப் போக ஆர்டர் மட்டும் ஏறி இறங்கி ஆடியது. கார், பிசானம் என்ற நெல் பருவங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்றால் உண்மையான எண்ணை 15 நாளுக்கு முன்னால் சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

99 போட்ட பொருள் நீங்கள் வரும்போது கடையில் இல்லையென்றால், பொருள் வந்த அன்றே எங்கள் செலவில் உங்கள் ஊருக்கு அனுப்புகிறோம். மாதக் கடைசியில் எந்தப் பொருளில் எவ்வளவு கொடுத்தோம், ஆப் எத்தனை நிமிடம் நின்றது என்ற கணக்கைக் கல்லா பக்கத்துப் போர்டில் ஒட்டுவோம், ஆப்பிலும் போடுவோம். 95-இல் இருக்கும் ஏதாவது ஒன்று உங்கள் ஊரில் 99-க்குப் போகவேண்டியது என்று தோன்றினால், பொருளின் பெயரையும் மாதம் எத்தனை போகும் என்பதையும் எழுதி இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கல்லாவில் கொடுங்கள். அடுத்த பட்டியல் அச்சாகும் முன் பார்த்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மோட்டார் உதிரிபாகக் கடையார்